ஆரியங்காவில் நின்று போகும் வண்டி

செங்கோட்டையிலிருந்து மேற்கே கிளம்பும் பாசஞ்சர் வண்டி ஊரைத் தாண்டியதும் வயல்வெளிக்குள் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நெல், வரப்போரம் தென்னை, எதிரே மேகம் இறங்கி நிற்கும் மலை. பகவதிபுரத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்ட பிறகுதான் தண்டவாளம் வளையத் தொடங்குகிறது. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ‘பேங்கர்’ எஞ்சின் தள்ள, வண்டி நிதானமாக ஏறி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குகைக்குள் நுழைகிறது. நுழைவது தமிழ்நாட்டில், வெளியே வருவது கேரளத்தில். தென்மேற்குப் பருவம் வலுத்திருக்கும் ஆடி மாதத்தில், குகைக்கு இந்தப் பக்கம் சாரலும் வெயிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் அவசர அவசரமாகக் கதவை இறக்குவார்கள். குழந்தைகள் மட்டும் கையை வெளியே நீட்டப் பார்த்துத் திட்டு வாங்கும்.

குற்றாலத்துச் சாரலும் இந்த வழியாகத்தான் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்குத் தெற்கே காற்று தாராளமாகப் புகுந்து வரக்கூடிய தாழ்வான இடங்களில் ஆரியங்காவுக் கணவாய் முக்கியமானது. அந்தக் காற்றின் ஈரத்தை நம்பித்தான் தென்காசி வட்டாரத்தின் சீசனே இருக்கிறது. அதே கணவாயில்தான் சாலையும் போகிறது, ரயிலும் போகிறது.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர். அங்கிருந்து கொல்லம் 45 கிலோமீட்டர். முதல் பாதியைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். சரிவும் வளைவும் அவ்வளவு. கிழக்கேயிருந்து போகும்போது ஏற்றம் குறைவு, இறக்கம் நீளம். புனலூரிலிருந்து வரும்போதுதான் எஞ்சினுக்கு உண்மையான வேலை. ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண் என்று வழியில் வரும் ஊர்கள் எல்லாமே சின்ன ஊர்கள். தேக்கும் ரப்பரும் பலாவும் தண்டவாளம் வரைக்கும் வந்து நிற்கின்றன. மழை விட்ட கையோடு பாறைச் சுவர்களில் நூல் நூலாகத் தண்ணீர் இறங்கும்.

கழுதுருட்டியில் இருக்கிறது பதின்மூன்று கண் பாலம். கருங்கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. கீழே தேசிய நெடுஞ்சாலையும் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. காரில் வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள். ரயிலில் இருப்பவருக்கோ பாலம் காலுக்குக் கீழே இருக்கிறது. எட்டிப் பார்த்தால்தான் கண்கள் வரிசையாகத் தெரியும். ரயில் பாதையை அகலப்படுத்தியபோது இந்தப் பாலத்தை இடிக்கவில்லை. கான்கிரீட் கொண்டு வலுவூட்டி, பழைய தூண்களையே அகலப்பாதைக்குத் தகுதியாக்கினார்கள். மீட்டர் கேஜ் வண்டிக்காகக் கட்டிய பாலம் இன்று மின்சார எஞ்சினைத் தாங்குகிறது. இதைச் செய்த பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் மனதாரப் பாராட்ட வேண்டும்.

இந்தப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் ரயில் பாதை இதுதான். மூலம் திருநாள் மகாராஜா காலம். திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து போட்டவை இந்தத் தண்டவாளங்கள். மலைநாட்டு மரத்தையும் ஏலத்தையும் மிளகையும் கீழே கொண்டுவர வேண்டும், கொல்லத்துத் துறைமுகத்தைச் சென்னையோடு இணைக்க வேண்டும் என்பதே நோக்கம். தலைநகரான திருவனந்தபுரத்துக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1918-இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஆரியங்காவில் ரயில் கூவியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கொல்லத்திலிருந்து கோட்டயம், எர்ணாகுளம் பக்கம் ரயில் பாதை முழுமையானது 1958-இல்தான். அதுவரை நாற்பது ஆண்டுகளாக, திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் ரயிலில் வெளியூர் போக வேண்டுமென்றால் செங்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். இன்றைக்கு ஒதுக்குப்புறமான கிளைப் பாதைபோல் நடத்தப்படும் இந்தத் தடம் அன்றைக்கு ஒரு சமஸ்தானத்தின் தலைவாசல்.

செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். அந்த ஊர்ப் பிள்ளை வாஞ்சிநாதன் வேலை பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் வனத்துறையில். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், பெட்டிக்குள் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷை அவர் சுட்டது எல்லோருக்கும் தெரியும். புனலூரும் செங்கோட்டையும் மணியாச்சியும் ஒரே வாலிபனின் வாழ்க்கையில் வருவதற்கு, ஏழு ஆண்டுகளுக்கு முன்பு போடப்பட்ட இந்தத் தண்டவாளமும் பின்னணியில் இருக்கிறது. மணியாச்சிச் சந்திப்புக்கு இன்று வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

மாநில எல்லை பிறகு வந்தது; மனிதர்களின் போக்குவரத்து அதற்கு முன்பே இருந்தது. ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் மதுரையிலிருந்து வருகிறார்கள். புஷ்கலா தேவி சௌராஷ்டிரர் வீட்டுப் பெண் என்பது ஐதிகம். அதனால் சௌராஷ்டிர சமூகத்தினர் சம்பந்தி முறையில் சீர்வரிசையோடு வந்து நிற்பார்கள்; கோயில் தரப்பு மாப்பிள்ளை வீட்டாராக நின்று வரவேற்கும். மலையாள நாட்டுக் காட்டுக்கோயில் ஒன்றில், மதுரைத் தறிக்காரர் சமூகம் பெண் கொடுத்த உரிமையோடு உட்காருகிறது. இதைவிட நல்ல உறவை எந்த இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டு உண்டாக்கிவிட முடியாது.

கழுதுருட்டி, அம்பநாடு பக்கத்துத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்பவர்களில் பலர் தமிழர்கள். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு ரப்பர்த் தோட்டத்தில் வேலை கொடுக்க உருவான நிறுவனம் அது. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மலை ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள், கடல் தாண்டி வந்து இன்னொரு மலை ரயிலின் பக்கத்தில் குடியேறினார்கள். கல்யாணமோ, காது குத்தோ, துக்கமோ, சொந்தபந்தம் இருக்கும் கீழ்நாட்டுக்குப் போக அவர்களுக்கு மலிவான வழி இந்த வண்டிதான்.

2010 செப்டம்பரில் அந்த வழி அடைபட்டது. அகலப்பாதைப் பணிக்காகப் புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் சேவை நிறுத்தப்பட்டது. திரும்ப முழுப் பாதையிலும் வண்டி ஓடியது 2018-இல். நடுவில் எட்டு ஆண்டுகள். மலையில் வேலை கடினம்தான். குகையை அகலப்படுத்த வேண்டும், பாறையை உடைக்க வேண்டும், மழை மாதங்களில் வேலை நின்றுவிடும். ஆனால் எட்டு ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போகும் காலம். அந்த இடைவெளியில் ரயிலில் போய்வந்தவர்கள் எல்லாம் பேருந்துக்கும் ஜீப்புக்கும் பழகிப்போனார்கள்.

திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம். நாடு முழுக்க வண்டிகள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர்கள் பெயர் மாறி வந்தன. எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு ‘சிறப்பு விரைவு வண்டி’ என்றார்கள். வண்டி அதே வண்டி, வேகம் அதே வேகம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. இரண்டு ஊர் தள்ளி ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவரிடம் மூன்று மடங்கு வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பி வந்தது. அதுவரை நாட்டின் மிக ஏழைப் பயணிகள் விரைவு வண்டிக் கட்டணம் கொடுத்துப் பாசஞ்சரில் போனார்கள். இது நடந்திருக்கக் கூடாது.

கட்டணம் திரும்பிவிட்டது, வண்டிகள்தான் போதவில்லை. இந்த மலைப்பாதையில் ஓடும் வண்டிகளின் நேரத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். ஆரியங்காவுக்கு அருகில் இருக்கும் அருவியின் பெயரையே தாங்கி ஓடுகிறது பாலருவி விரைவு வண்டி. தூத்துக்குடிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடும் அந்த வண்டி, போகும்போதும் வரும்போதும் மலையைக் கடப்பது இரவில். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டி மலையேறுவது பிற்பகலில். சென்னையிலிருந்து வரும் கொல்லம் வண்டிக்கு இங்கே விடியற்காலை. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இந்த நேரங்கள் வசதியானவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லா ஊரிலும் நின்று, மலைக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பகலில் இணைக்கும் சாதாரண வண்டி திசைக்கு ஒன்றுதான். அதுவும் முற்பகலில் கிளம்பிப் பிற்பகலில் போய்ச் சேர்வது. காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் போய் மாலையில் வீடு திரும்ப நினைப்பவருக்கு அது உதவாது.

இதே செங்கோட்டையிலிருந்து கிழக்கே போகும் திருநெல்வேலிப் பாதையைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அந்தப் பாதையும் அகலமாக்கப்பட்டு 2012-இல் திறக்கப்பட்டது. அங்கே காலையிலிருந்து இரவு வரை பாசஞ்சர்கள் ஓடுகின்றன. ஓடுவதால் ஜனங்களும் ஏறுகிறார்கள். பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தை, பாரதி மனைவியின் ஊரான கடையம், அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி, நாகஸ்வரம் அருணாசலத்தின் காருகுறிச்சி, பாய்க்காரப் பத்தமடைக்குப் பக்கத்துச் சேரன்மகாதேவி என்று ஒவ்வோர் ஊரிலும் இறங்க ஆள் இருக்கிறது, ஏற ஆள் இருக்கிறது. சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு திருநெல்வேலியில் படிக்கப் போகும் பெண்பிள்ளைகள் ஏராளம். காலை வண்டியும் மாலை வண்டியும் இருந்தால்தான் சீசன் டிக்கெட்டுக்கே அர்த்தம். மலைப்பாதையில் அந்த டிக்கெட்டை எடுத்து என்ன செய்வது?

மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் ஆள் இல்லையா என்ன? பாவூர்சத்திரத்துக் காய்கறி பெரும்பாலும் கேரளத்துக்குத்தான் போகிறது. தென்காசி வட்டாரத்துப் பூ இல்லாமல் கொல்லம் பக்கத்தில் ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் நிறையாது. புளியரைச் சோதனைச்சாவடி வழியாக லாரிகள் இரவும் பகலும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அங்குள்ள எஸ் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் இரண்டு மாநிலத்துப் போக்குவரத்தும் நிற்கும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள். ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் என்று சாஸ்தா கோயில்கள் இந்தத் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. சபரிமலைக்குப் போகும் தென்மாவட்டத்துக்காரர்களில் பெரும்பகுதி புனலூர் வழியாகத்தான் போகிறது.

ரயில்வே தரப்பில் பதில் உண்டு. பயணிகள் சேவையில் நஷ்டம். 2022–23-இல் மட்டும் பயணக் கட்டணத்துக்கு 56,993 கோடி ரூபாய் மானியம் தந்திருக்கிறோம், சராசரியாக ஒவ்வொரு டிக்கெட்டிலும் அது 46 விழுக்காடு என்பது ரயில்வே சொல்லும் கணக்கு. மலைப்பாதை ஒற்றைத் தடம், பேங்கர் எஞ்சினுக்கும் அதன் ஊழியர்களுக்கும் தனிச் செலவு. இவை எல்லாம் உண்மை. ஆனால் தண்டவாளம் போட்டாயிற்று, குகையை அகலப்படுத்தியாயிற்று, பாலங்களை வலுப்படுத்தியாயிற்று, மின்கம்பியும் இழுத்தாயிற்று. பெருஞ்செலவு முடிந்துவிட்டது. இவ்வளவையும் செய்துவிட்டுப் பகல் முழுக்கப் பெரும்பாலும் அந்தத் தடத்தைச் சும்மா போட்டு வைத்திருப்பதுதான் உண்மையான நஷ்டம். மலையூர்ச் சாலைக்கு வசூலைக் கணக்குப் பார்த்துத் தார் போடுவதில்லை. ரயிலுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

சிலர் சுற்றுலாவைத் தீர்வாகச் சொல்கிறார்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெட்டிகளை இணைத்தால் கூட்டம் வரும், வருமானமும் வரும் என்கிறார்கள். இணைக்கட்டும், நல்லதுதான். தென்மலையில் அணை இருக்கிறது, செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, பாலருவி இருக்கிறது, புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் வரட்டும். ஆனால் வேடிக்கை பார்க்கும் வண்டியாக மட்டும் மாறிவிட்ட மலை ரயில்களின் கதையை நீலகிரியில் பார்த்தாயிற்று. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட அந்த ரயிலில் உள்ளூர்க்காரர் ஒருவர் நினைத்த நேரத்தில் ஏறிக் குன்னூருக்குப் போய்வர முடிகிறதா? இலங்கையில் பதுளை வரை போகும் மலையகப் பாதையிலும் எல்ல பக்கத்து இருக்கைகளை வெளிநாட்டார் முன்கூட்டியே பிடித்துவிடுகிறார்கள். அந்தத் தோட்டங்களில் உழைக்கும் தமிழர்கள் கதவோரத்தில் நின்று பயணம் செய்கிறார்கள்.

உண்மையில் இயற்கையைப் பார்ப்பதற்கும் நின்று போகும் வண்டியே பொருத்தம். குகையும் பாலமும் விரைவு வண்டியில் போனாலும் வரும். ஊர்தான் வராது. வண்டி நிற்கும்போதுதான் ஊர் தெரிகிறது. பெஞ்சில் குடையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக வண்டிக்கு நேரம் கேட்கும் அக்கா, பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிப் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ‘சேட்டா, ஒரு கை கொடுங்க’ என்று கூப்பிடும் தோட்டத்துக்காரர், எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் நிற்கும் பத்து நிமிடத்தில் இறங்கி நின்று மலையைப் பார்க்கும் பையன்கள். புனலூர் தாண்டி ஆவணீஸ்வரம், கொட்டாரக்கரை, குண்டரா என்று மலை தணிந்து ஊர்கள் நெருங்க நெருங்கப் பேச்சில் தமிழ் குறைந்து மலையாளம் கூடிக்கொண்டே வரும். பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே அந்த மாற்றத்தைக் காது கேட்டுவிடும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. காலையில் செங்கோட்டையிலிருந்து ஒன்று, அதே நேரத்தில் கொல்லத்திலிருந்து ஒன்று, மாலையிலும் அதேபோல. இந்த இரண்டு ஜோடி சாதாரண வண்டிகள் போதும், பாதையின் முகமே மாறிவிடும். கொல்லத்தில் மெமு வண்டிகளுக்கான பணிமனை இருக்கிறது. கொல்லம்–புனலூர் இடையே மெமு ஓடவும் செய்கிறது. மெமுவில் தனி எஞ்சின் கிடையாது. இழுக்கும் மோட்டார்கள் பெட்டிகளிலேயே பிரிந்து இருக்கின்றன. இந்தச் சரிவுக்கு அது ஒத்துவருமா, பிரேக் தாங்குமா என்று முறையாகச் சோதனை ஓட்டம் நடத்திப் பார்க்கலாம். ஒத்துவந்தால் புனலூரில் நிற்கும் வண்டியைச் செங்கோட்டைக்கு நீட்டிவிட வேண்டியதுதான். ஒத்துவராவிட்டால் இருக்கவே இருக்கிறது பேங்கர் எஞ்சின்.

செங்கோட்டையிலிருந்து கொல்லத்தின் வாசல் வரை இந்தப் பாதை மதுரைக் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. கேரளத்துக்குள் இருக்கும் ஆரியங்காவு நிலையத்தில் ஒரு விளக்கு எரியவில்லையென்றாலும் மதுரைக்குத்தான் எழுத வேண்டும். ஆகவே இந்தக் கோரிக்கையைக் கேரளத்துக்காரர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. தென்காசி, விருதுநகர், மதுரைத் தொகுதி எம்.பி.க்களும் கொல்லம், மாவேலிக்கரை எம்.பி.க்களும் கட்சியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றாகக் கையெழுத்திட்டுத் தெற்கு ரயில்வே பொது மேலாளரிடம் மனு கொடுக்க வேண்டும். அடுத்த கால அட்டவணை தயாராவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.